கொண்டுபோய்ச் சேர்க்காத ஓட்டம்

எங்கள் நியூ ஜெர்சி ஈஸ்ட் பிரன்ஸ்விக் தமிழ்ப் பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் இரண்டு நாள் ஒரே சண்டை. ஆப்பில் வண்டி பிடித்த ஒருத்தியை டிரைவர் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அவள் காசு கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காத வண்டிக்கு எதற்குக் காசு என்றது ஒரு கட்சி. ஓடிய மைலுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றது இன்னொரு கட்சி. பாதியைக் கொடுத்துவிட்டு ஒரே ஒரு ஸ்டார் போடு என்று சொல்லவும் ஆட்கள் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட சண்டைகளில் முதல் ஆளாகக் குதிப்பவள் நான். சென்னையில் ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டி வளர்ந்த வாய் இது. ஆனால் இந்த முறை ஒரு எழுத்துகூடப் போடவில்லை. "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்டாள் ஒருத்தி. நான் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். பாதியில் நின்ற ஒரு ஓட்டத்துக்கு முழுக் காசும் கொடுத்தவள் நான். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான காரியங்களில் அதுவும் ஒன்று.

அந்த வண்டியை ஓட்டியவரை எல்லோரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சொந்தமாக ஒரு வேன் வைத்துக்கொண்டு தமிழ்க் குடும்பங்களை நூவர்க் விமான நிலையத்துக்கு ஏற்றிப் போவார். ஆப் கிடையாது, மீட்டர் கிடையாது. போன் பண்ணினால் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வாசலில் நிற்பார். பெட்டிகளை அவரே தூக்கி வைப்பார், அங்கே போய் அவரே இறக்குவார். பெட்டி தள்ளுவண்டியில் ஏறிய பிறகுதான் காசைக் கையால் தொடுவார். ஊரிலிருந்து முதல் முறையாக வரும் அப்பா அம்மாவை அழைத்து வருவதற்குக்கூட, வேலை இருந்தால், அவரைத் தனியாக அனுப்பிவிட்டு நிம்மதியாக ஆபீசில் உட்கார்ந்திருப்போம்.

அது நவம்பர் முதல் வாரம். பள்ளிக்கு இரண்டு நாள் விடுமுறை. சான் ஹோசேயில் என் தங்கைக்கு வளைகாப்பு. கணவர் வேலை விஷயமாக டெக்சஸில் இருந்தார், அங்கிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. நானும் ஒன்பது வயது மகளும் மட்டும் கிளம்பினோம். காலை பத்தரைக்கு அங்கிள் வந்தார். நெற்றி நிறைய விபூதி. அவர் முகம் கொஞ்சம் வெளிறி இருந்ததாக எனக்குப் பட்டது. காபி குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை. கந்தசஷ்டி விரதம், இண்டைக்கு அஞ்சாம் நாள். பின்னேரம் கோயிலுக்குப் போய்த்தான் பாலும் பழமும்."

"சுகர் இருக்குன்னு சொல்வீங்களே அங்கிள்?"

"ஊசி விடியவே போட்டிட்டன்," என்றார், அதுவும் விரதத்தின் ஒரு பகுதி என்பதுபோல.

இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. சமையல்கட்டில் அவர் சரிந்து விழுந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வாசலிலேயே, "அங்கிள், ஒரு வாழைப்பழம் சாப்பிடாமல் நீங்கள் வண்டியை எடுக்கக் கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒருவர் ஐந்து நாளாக முருகனுக்காகக் கிடக்கிறார், அதை நான் கெடுப்பதா? அவன் பார்த்துக்கொள்வான் என்று மனதுக்குள் ஒரு பக்தி வேறு. எனக்குக் கோயிலுக்குப் போகவே சோம்பல், பக்தி அன்றைக்கென்று வந்து ஒட்டிக்கொண்டது.

வண்டி ரூட் 18-ல் ஏறும்போது, "எத்தினை மணிக்கு ஃப்ளைட்?" என்று கேட்டார். ஒன்றரைக்கு என்றேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். வயதானவர்தானே. மூன்றாவது முறை கேட்டபோது அவர் குரல் இழுத்தது, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத் தருகிற மாதிரி. நான் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். குளிருக்கு நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அவர் விபூதி வியர்வையில் கரைந்து புருவத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

வேகம் குறைந்தது. டர்ன்பைக்கில் எல்லோரும் எழுபதில் பறக்க, நாங்கள் நாற்பதில் நடு லேனில் ஊர்ந்தோம். இரண்டு பக்கமும் லாரிகள் உறுமிக்கொண்டு தாண்டின. வண்டி மெல்ல இடது பக்கம் சாய்ந்து போனது, பிறகு வெடுக்கென்று வலது பக்கம் திரும்பியது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது.

"அம்மா, ஹி இஸ் நாட் இன் தி லேன்," என்றாள் மகள்.

"சும்மா இரு. அங்கிளுக்குத் தெரியும்."

"சம்திங் இஸ் ராங் வித் ஹிம். டெல் ஹிம் டு ஸ்டாப்!"

"பெரியவங்களை அப்படிப் பேசக் கூடாது. மேனர்ஸ் இல்ல?" என்று அவள் தொடையில் கிள்ளினேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. வண்டியில் இருந்த மூன்று பேரில் சரியாகப் பார்த்தது அவள் ஒருத்திதான், அவள் வாயை நான் அடைத்தேன். ஆப்பில் வந்த யாரோ ஒரு டிரைவராக இருந்திருந்தால், இரண்டாவது மைலிலேயே ஓரம் கட்டு என்று கத்தியிருப்பேன். ஆனால் ஒருவரை அங்கிள் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டால் எங்களுக்குப் பாதி வாய் தைத்துப்போகிறது. அவர் ஓட்டுவது சரியில்லை என்று எப்படிச் சொல்வது, அவர் மனம் நோகாதா என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். மகள் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நான் சொன்னது இதுதான்: "அங்கிள், டயர்டா இருந்தா எங்கயாவது நிறுத்திட்டுப் போலாமே?"

அவர் எப்படியோ விமான நிலையத்துக்குப் பிரியும் எக்சிட்டில் சரியாக இறங்கினார், கை பழக்கத்தில் திருப்பியிருக்க வேண்டும். சரிவில் வளைந்து இறங்கியதும் எதிரே டோல் பிளாசா தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. பாதி வண்டி ஓரத்திலும் பாதி வண்டி லேனிலுமாக நிறுத்தினார். இரண்டு கைகளையும் ஸ்டீயரிங் மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி விரித்து வைத்தார்.

"செக் பாயின்ட் வருது," என்றார் தாழ்ந்த குரலில். "ஐசியை எடுத்துக் கையில வைச்சிருங்கோ. ஒண்டும் கதையாதேங்கோ. அவங்கள் கேட்டா மட்டும் சொல்லுங்கோ."

ஐசி என்றால் இலங்கையின் அடையாள அட்டை, போர்க்காலத்தில் ராணுவச் சாவடிகளில் காட்டுவது. அவர் எந்த வருடத்தில், எந்தச் சாலையில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் நின்றது மட்டும் நியூ ஜெர்சியில், வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் வண்டிக்குக் கடைசி நொடி வரை தெரியாத இடத்தில். ஒவ்வொரு வண்டி உரசிப் போகும்போதும் வேன் ஆடியது. நான் முன்னால் எக்கி அபாய விளக்கைப் போட்டேன். மகள் பையில் ஆப்பிள் ஜூஸ் டப்பா இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

"வேண்டாம். விரதம்." வாயை இறுக்கி மூடிக்கொண்டார். உறிஞ்சியை உதட்டில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டார். எங்கே இருக்கிறோம் என்பது மறந்துவிட்டது, விரதம் மட்டும் மறக்கவில்லை.

அப்போது எனக்கு அந்தப் பொய் தோன்றியது. டப்பாவின் மூலையைப் பல்லால் கிழித்தேன். "அங்கிள், கோயில் தீர்த்தம். வாங்கிக்கோங்க," என்றேன்.

ஸ்டீயரிங்கிலிருந்து அவருடைய வலது கை எழுந்தது. உள்ளங்கை தானாகக் குவிந்தது. நான் ஆப்பிள் ஜூஸை அதில் ஊற்றினேன். குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு மறுபடி நீட்டினார். டப்பா காலியாகும்வரை ஊற்றினேன். இரண்டாவது டப்பாவை மகள் கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், சத்தம் இல்லாமல்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. அவர் கண்களில் ஆள் திரும்பி வந்தபோது எங்கள் பின்னால் போலீஸ் கார் ஒன்று விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றது. அங்கிளுக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை. லைசென்ஸ் போயிடும்."

போலீஸ்காரர் என் பக்க ஜன்னலில் குனிந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டார். ஒரு வரி போதும், நான் சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மகளுக்குக் குமட்டல் வந்தது, அதனால் நிறுத்தினோம் என்றேன். பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. போலீஸ்காரர் மகளைப் பார்த்தார். அவள் அழுத முகம் என் பொய்க்குச் சாட்சி சொன்னது.

நான் ஓட்டுகிறேன் என்று சொல்லத்தான் இருந்தேன். ஆனால் போலீஸ் கார் பின்னாலேயே நின்றது, இடம் மாறினால் சந்தேகம் வரும். அங்கிளே எடுத்தார். டோலைத் தாண்டியதும் கண்ணில் பட்ட முதல் பெட்ரோல் பங்கில் நிறுத்தச் சொன்னேன். வண்டி நின்றதும் மகள் தன் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். "ஐ ஆம் நாட் கெட்டிங் பேக் இன்," என்றாள். விமானங்கள் தலைக்கு மேலே சக்கரம் தெரியப் போய்க்கொண்டிருந்தன. விமான நிலையத்துக்கு இன்னும் இரண்டு மைல்தான் இருந்திருக்கும்.

அங்கிள் பெட்டியை இறக்கி வைத்தார். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பணத்தை நீட்டினேன். அவர் தொடவில்லை.

"வேண்டாம் பிள்ளை. கொண்டுபோய்ச் சேர்க்காத ஓட்டத்துக்கு நான் காசு வாங்கிறேல்லை. இவ்வளவு வருசத்தில ஒருத்தரையும் இப்பிடி நடுவழியில இறக்கினதில்லை." வேனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "இண்டையோட காணும்."

அவர்கள் பேச்சில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. அவர் அந்த இடத்தில், தானாகவே, நிறுத்திக்கொண்டிருந்தார்.

என்னால்தான் அதைப் பொறுக்க முடியவில்லை. கிழவரின் நடுங்கும் கையைப் பார்த்துக்கொண்டு காசு கொடுக்காமல் போவதா? நான் அவ்வளவு கேவலமானவளா? "என்ன அங்கிள் இப்படிப் பேசறீங்க? விரதத்தால வந்த மயக்கம். யாருக்கும் வரும். நாளான்னைக்கு விரதம் முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்," என்றேன். முழுக் காசையும், அதற்கு மேல் ஒரு இருபதும் சேர்த்து அவர் சட்டைப் பையில் திணித்தேன். அவர் இரண்டு முறை கையைத் தள்ளினார். மூன்றாவது முறை தள்ளவில்லை. முகத்தில் ஒரு தெம்பு வந்தது. அதைப் பார்த்து எனக்கு என்னையே பிடித்துப்போனது, அதுதான் கொடுமை.

இன்னொரு வண்டி பிடித்து விமானத்தையும் பிடித்தோம். அப்பாவிடம் சொல்லாதே, பாவம் அங்கிள் என்று மகளிடம் சொன்னேன். "வீ குட் ஹேவ் டைடு, அம்மா," என்றாள். அதன் பிறகு கலிஃபோர்னியா போய்ச் சேரும்வரை அவள் என்னிடம் பேசவில்லை. கணவருக்கு இன்றுவரை தெரியாது.

ஜனவரியில், எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கும் திருச்சிப் பெண் குழுவில் ஒரு கேள்வி போட்டாள். கைக்குழந்தையோடு ஊருக்குப் போகிறாள், விமான நிலையத்துக்கு நம்பிக்கையான வண்டி வேண்டும். ஐந்து நிமிடத்தில் மூன்று பேர் அங்கிளின் நம்பரைப் போட்டார்கள். அவர் விடவில்லை, ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் தனியாக என்னைக் கேட்டாள்: "அக்கா, நீங்க அவர்கூட போயிருக்கீங்கல்ல? எப்படி?"

எழுதினேன், அழித்தேன். கடைசியில் "நல்ல மனுஷர்" என்று அனுப்பினேன். அது உண்மைதான். வேண்டியதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்ன உண்மை.

அவள் கிளம்பும் நாளில் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவள் வாசலில் பெட்டிகள் வந்து நிற்பது தெரிந்தது. பிறகு குழந்தையின் கார் சீட்டைக் கொண்டுவந்து பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டு அங்கிளுக்குப் போன் அடித்தேன். ஓட்டிக்கொண்டேதான் எடுத்தார்.

"அங்கிள், நீங்க இன்னும் ஓட்டறீங்களா? அன்னைக்குப் போதும்னு சொன்னீங்களே?"

"ஓம் பிள்ளை, சொன்னனான்." குற்றம் சாட்டும் குரல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "நீங்கள்தானே முழுக் காசையும் தந்து, ஒண்டுமில்லை, சரியாயிடும் எண்டனீங்கள்."

"இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இண்டைக்கு வெள்ளியெல்லோ," என்றார்.

செருப்போடு பனியில் ஓடினேன். வேன் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. அவர் முதல் பெட்டியை ஏற்றிவிட்டு இரண்டாவதைத் தூக்கிக்கொண்டிருந்தார். "இந்த வண்டியில ஏறாதே!" என்றேன் அவளிடம். அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"என்னக்கா? நீங்கதானே நல்ல மனுஷர்னு சொன்னீங்க?"

சொன்னேன், எல்லாவற்றையும். அவர் எதிரிலேயே, தெருவில் நின்றுகொண்டு. ஊசி, விரதம், டர்ன்பைக், டோல், போலீஸ்காரரிடம் நான் சொன்ன பொய். நான் முடித்ததும் அங்கிள் ஏற்றிய பெட்டியை மறுபடி இறக்கி நேராக நிறுத்தி வைத்தார்.

"அண்டைக்கே என்னை நிப்பாட்ட விட்டிருக்கலாம் பிள்ளை," என்றார். "இப்பிடி ஆக்களுக்கு முன்னால வேண்டாம்."

ஏறி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவள் உடனே வேறு வண்டிக்கு யாரையோ கூப்பிட ஆரம்பித்தாள். நான் அவமானத்தில் அப்படியே நின்றிருந்தேன். வேன் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது: அவளையும் குழந்தையையும் ஏறவிடாமல் தடுத்துவிட்டு, சாப்பிடாத அந்த மனிதரை அதே வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. என் காரை எடுத்துக்கொண்டு ரூட் 18-ல் ஏறி மறுபடி அடித்தேன், மறுபடியும் அடித்தேன். ஐந்தாவது முறை எடுத்தார்.

"பிள்ளை," என்றார். சொற்கள் இழுத்தன. "இது எந்த இடம் எண்டு தெரியேல்லை. எல்லாரும் ஹோர்ன் அடிக்கினம்."

"ஓரம் கட்டுங்க! வண்டியை ஆஃப் பண்ணுங்க! இப்பவே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவரிடம் நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பெரியவர்கள் அதட்டினால் குழந்தைகள் சொல்வார்களே, அப்படி, "ஓம், ஓம்" என்றார். போனில் என்ஜின் அணைவது கேட்டது.